வெளுத்ததெல்லாம் நல்ல மெழுகா?

தீக்குச்சி, மெழுகுவத்தி, சாக்லேட், லிப்ஸ்டிக், சாமி சிலை... எங்கும் மெழுகு. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் வெள்ளைக் கட்டிக்குள் எது நல்லது, எது கெட்டது? ஆய்வகங்கள் சொல்லும் பதில் இதோ.

கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தீப்பெட்டி ஆலை. காலை பத்து மணிக்கே கொட்டகைக்குள் அனல். சட்டத்தில் நெருக்கமாகச் செருகிய குச்சிகள் தலைகீழாகத் தொட்டிக்குள் இறங்கி, உருகிய மெழுகில் நுனி நனைந்து மேலே வருகின்றன. அடுத்த தொட்டியில் மருந்து. மெழுகு ஏறாத குச்சியை உரசினால் மருந்து மட்டும் ‘சர்’ரென்று சீறி அணைந்துவிடும். தீ மரத்துக்கு இறங்காது. அடுப்பு பற்றும் வரை குச்சி நின்று எரிவது அந்த மெழுகின் புண்ணியம்.

சுவரோரம் மெழுகு மூட்டைகள். புதிதாக வந்த சரக்கில் ஒரு பாளத்தை உடைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார் மேற்பார்வையாளர். பிசுக்கு ஒட்டுகிறதா, ‘டக்’கென்று முறிகிறதா, வாடை அடிக்கிறதா? விரலும் காதும் மூக்கும் பதில் சொல்லிவிடுகின்றன. பாளம் நல்ல வெள்ளை. சரக்கு ஓகே.

தீக்குச்சிக்கு இந்தச் சோதனை போதும். ஆனால் சூயிங்கம்மில் சேரும் மெழுகும், பாலாடைக்கட்டிக்குப் போர்த்தும் மெழுகும், லிப்ஸ்டிக்குக்கு உடம்பு கொடுக்கும் மெழுகும், மாத்திரைக்கு மெருகேற்றும் மெழுகும் இதே வெள்ளையில்தான் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் எது வாய்க்குள் போகலாம், எது போகக் கூடாது என்று எவ்வளவு பழகிய கட்டைவிரலாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கென்றே நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு வேதியியல் வளர்ந்திருக்கிறது. அதன் பலன் கடைத்தெரு வரை வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மணலியில் பிறக்கும் மெழுகு

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் போனபின் அடியில் கனமான மிச்சம் தங்கும். அதை வெற்றிடத்தில் மறுபடி வடித்தால் லூப் ஆயிலுக்கான பகுதி கிடைக்கும். அதோடு மெழுகும் சேர்ந்தே வரும். எஞ்சின் ஆயிலில் மெழுகு இருந்தால் குளிரில் உறைந்துபோகும். அதனால் கரைப்பான் ஊற்றிக் குளிரவைத்து, படிகிற மெழுகை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். லூப் ஆயில்காரருக்கு வேண்டாத அந்தச் சரக்குக்கு ‘ஸ்லாக் வாக்ஸ்’ என்று பெயர். அதில் எண்ணெய் தாராளமாக இருக்கும். எண்ணெயைப் பிரித்து, ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தம் செய்தால் நிறமும் மணமும் போய் வெள்ளைப் பாளம் வரும்.

சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் மணலி ஆலையில் பாரஃபின் மெழுகு தயாராகிறது. அசாமில் 1901-ல் தொடங்கிய திக்பாய் சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்குப் பழைய பெயர். அதே மாநிலத்தின் நுமாலிகர் ஆலை, ஆண்டுக்கு 50,000 டன் திறனுள்ள மெழுகுப் பிரிவைப் பின்னாளில் தொடங்கியது. போதாததற்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியும் உண்டு.

வரலாறு சுருக்கமானது. 1830-ல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் வான் ரெய்ஷன்பாக் மரத்தாரிலிருந்து பாரஃபினைப் பிரித்தார். 1850-ல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறுகள் வந்தபின், மாட்டுக்கொழுப்பு மெழுகுவத்தியின் காலம் முடிந்தது.

பெட்டிச் செய்தி: நான்கு குடும்பங்கள்

பெட்ரோலிய மெழுகு ஒரே பொருளல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கூடிய கலவை. அவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

▪ நேர்ச்சங்கிலி: கார்பன்கள் ஒரே வரிசையில் கோத்தவை. நன்றாகப் படிகமாகும். பாரஃபின் மெழுகில் இவையே பெரும்பான்மை.
▪ கிளைச்சங்கிலி: வரிசையிலிருந்து பக்கவாட்டில் கிளை விட்டவை. மெழுகுக்கு நெகிழ்வு தருபவை.
▪ நிறைவுற்ற வளையம்: சங்கிலியோடு வளையம் ஒட்டியவை. மிக நுண்ணிய படிகங்கள் கொண்ட மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகில் கிளைச்சங்கிலிகளோடு இவையும் அதிகம்.
▪ அரோமாட்டிக் வளையம்: பென்சீன் வகை. நன்கு சுத்திகரித்த மெழுகில் இருக்கக் கூடாதவை. மூன்று வளையங்களும் அதற்கு மேலும் ஒட்டியவைதான் ஆபத்துக்குப் பெயர்போனவை.

தலை எண்ணும் கருவி

மெழுகுக்குள் எந்தெந்த மூலக்கூறு எவ்வளவு என்று கணக்கெடுக்கும் கருவி கேஸ் குரோமட்டோகிராஃப். பெட்ரோலிய மெழுகுக்காகவே, தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த டி 5442 என்ற சோதனை முறை இருக்கிறது.

சீவிய மெழுகை ஒரு குப்பியில் எடை போட்டு, சைக்ளோஹெக்சேன் ஊற்றி இளஞ்சூட்டில் கரைக்கிறார்கள். எடை தெரிந்த ஹெக்சாடெக்கேனையும் சேர்க்கிறார்கள். அது 16 கார்பன் கொண்டது. மெழுகில் இருப்பவற்றை அதோடு ஒப்பிட்டுத்தான் அளப்பார்கள். கரைசலில் ஒரு துளிக்கும் மிகக் குறைவான அளவை மெல்லிய ஊசியால் நீண்ட நுண்குழாயின் வாயில் இறக்குகிறார்கள். குழாய் சுருண்டு கிடக்கும் அடுப்பின் வெப்பம் சீராக ஏறுகிறது. லேசான மூலக்கூறு முதலில் ஆவியாகிக் குழாயைக் கடக்கும், கனமானது பின்னால் வரும். மறுமுனையில் ஒரு சிறு ஹைட்ரஜன் சுடர். வந்து சேர்ந்த மூலக்கூறு அதில் எரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தைக் கருவி பதிவு செய்கிறது.

திரையில் ஒவ்வொரு முனையாக எழுகிறது. கார்பன் 20, 21, 22, 23 என்று சம இடைவெளியில் சீப்பின் பற்கள் மாதிரி ஒரு வரிசை. நடுவில் உயர்ந்து, இருபுறமும் சரிந்து இறங்கும். பற்களெல்லாம் நேர்ச்சங்கிலிகள். இடையே தாழ்வாகக் கிடப்பவை கிளைகளும் வளையங்களும். முனைகளின் பரப்பை அளந்தால் கார்பன் 17 முதல் 44 வரை ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம், அதில் நேர்ச்சங்கிலி எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பட்டியல் கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியலால் என்ன லாபம்? 20 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி சுமார் 37 டிகிரி செல்சியஸில் உருகும். 30 கார்பன் கொண்டது சுமார் 66 டிகிரியில்தான் உருகும். சித்திரை வெயிலில் கடை அலமாரியிலேயே தலைசாய்ந்துவிடும் மெழுகுவத்தியை எடுத்துச் சோதித்தால், சிறிய சங்கிலிகளும் எண்ணெயும் மிகுந்திருப்பது தெரிந்துவிடும். வியாபாரி வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பார். குற்றவாளி மெழுகுக்குள்ளேயே இருப்பார்.

மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு அவ்வளவு எளிதில் பிடிபடாது. அதன் மூலக்கூறுகள் 44 கார்பனைத் தாண்டி வெகுதூரம் போகும். கிளைகளும் வளையங்களும் ஆயிரம் விதம். அதனால் தனித்தனி முனைகளுக்குப் பதில் ஒரு பெரிய மேடு எழுந்து நிற்கும். 400 டிகிரிக்கு மேல் தாங்கும் குழாய்களை வைத்து, 100 கார்பன் வரை எட்டிப்பார்க்கும் உயர்வெப்ப முறைகள் அதற்கென்றே வந்திருக்கின்றன.

கருவிகள் வருமுன்பே நேர்ச்சங்கிலியை மட்டும் பிரித்தெடுக்க ஒரு வழி கிடைத்திருந்தது, அதுவும் பால் சோதனையில்! 1940-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் பெங்கன் பால் கொழுப்பை அளக்க முயன்றபோது, யூரியா சேர்த்த கலவையில் எதிர்பாராத படிகங்கள் தோன்றின. நீளமான நேர் மூலக்கூறைச் சுற்றி யூரியா குழல்போலப் படிகமாகிறது. கிளை விட்ட மூலக்கூறு அந்தக் குழலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான். மெழுகு ஆய்வில் வெகுகாலம் அது கைகொடுத்தது. இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் மூலக்கூறுச் சல்லடைகள் செய்கின்றன.

எண்ணெய்தான் விலையைத் தீர்மானிக்கிறது

மெழுகுச் சந்தையில் அதிகம் அடிபடும் எண், எண்ணெய் அளவு. அதற்கான பழைய சோதனை இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு கிராம் மெழுகை 15 மில்லிலிட்டர் மெத்தில் எத்தில் கீட்டோனில் கரைத்து, மைனஸ் 32 டிகிரி வரை குளிரவைப்பார்கள். மெழுகு படிந்துவிடும், எண்ணெய் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் மிஞ்சுவது எண்ணெய். அதை எடை போட்டுவிடலாம்.

முழுக்கச் சுத்திகரித்த மெழுகில் எண்ணெய் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அரைகுறைச் சுத்திகரிப்பில் அது கூடும். எண்ணெய் கூடக்கூட விலை குறையும். கூடவே மெழுகு இளகும், வேர்க்கும், புகையும்.

2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. 14 ஆண்டுகளில் அதுதான் முதல் உயர்வு. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று உற்பத்தியாளர்கள் காட்டிய கணக்கில் சிவப்பு பாஸ்பரஸ், அட்டை ஆகியவற்றோடு மெழுகும் இருந்தது. கிலோ 58 ரூபாயாக இருந்த மெழுகு 80 ரூபாயாகிவிட்டது என்றார்கள். காசு கணக்குப் பார்க்கும் தொழிலில், விலை ஏறினால் கை தானாகவே எண்ணெய் கூடின மலிவுச் சரக்கின் பக்கம் போகும். தீக்குச்சியில் அதன் விளைவு கொஞ்சம் புகையும் கொஞ்சம் பிசுக்கும்தான். அதே சரக்கு கைமாறி ‘நல்ல வெள்ளை’ என்ற ஒரே தகுதியில் உதட்டுத் தைலத்துக்கோ தின்பண்ட உறைக்கோ போனால் கதை வேறு.

புற்றுநோய் காட்டிக்கொடுத்த வளையங்கள்

சுத்தமில்லாத பாரஃபின் என்ன செய்யும் என்று முதலில் காட்டியது ஆய்வகமல்ல, தொழிலாளர் உடம்பு. ஜெர்மனியின் ஹாலே நகரில் ரிச்சர்ட் வான் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர், தார், பாரஃபின் தொழிலாளருக்கு விதைப்பையில் தோல் புற்றுநோய் வருவதை 1875-ல் எழுதினார். மறுவருஷமே ஸ்காட்லாந்தில், பாரஃபின் தொழிலாளரிடம் கண்ட அதே நோயைப் பதிவு செய்தார் ஜோசஃப் பெல். ஷெர்லாக் ஹோம்ஸ் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்த எடின்பரோ மருத்துவர் அவர்தான். லண்டன் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடம் இதே நோயை பெர்சிவல் பாட் 1775-லேயே கண்டிருந்தார்.

குற்றவாளியை அடையாளம் காண இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. புற்றுநோய் உண்டாக்கும் தார்களும் எண்ணெய்களும் புற ஊதா ஒளியில் ஒரே மாதிரி ஒளிர்வதை லண்டன் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த ஒளிர்வைத் துப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு டன் தார்ப்பிசினைப் பிரித்துப் பிரித்து, 1933-ல் பென்சோபைரீனைக் கையில் எடுத்தார்கள். ஐந்து அரோமாட்டிக் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு அது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலை (பெட்ரோலிய எண்ணெயை), மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. முழுக்கச் சுத்திகரித்தது அந்தப் பட்டியலில் இல்லை. கிணறு ஒன்று, கச்சா எண்ணெய் ஒன்று. சுத்திகரிப்பு எந்தப் படியில் நின்றது என்பதில்தான் மருந்துக்கும் நஞ்சுக்குமான தூரம் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஒளியால் பிடிக்கும் பரிசோதனை

அரோமாட்டிக் வளையங்கள் புற ஊதா ஒளியை விழுங்கும். வெறும் சங்கிலிகள் விழுங்காது. மெழுகிலிருந்து வளையங்களை மட்டும் ஒரு கரைப்பானால் பிரித்தெடுத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளப்பார்கள். உணவில் சேரும் பெட்ரோலிய மெழுகுக்கு அமெரிக்க விதிகள் வைத்துள்ள உச்சவரம்பு:

▪ 280 – 289 நானோமீட்டர்: 0.15
▪ 290 – 299 நானோமீட்டர்: 0.12
▪ 300 – 359 நானோமீட்டர்: 0.08
▪ 360 – 400 நானோமீட்டர்: 0.02

அலைநீளம் கூடக்கூட வரம்பு இறுகுவதைக் கவனியுங்கள். வளையங்கள் கூடின மூலக்கூறுகள்தான் பொதுவாக நீண்ட அலைநீளத்தை விழுங்குபவை. ‘புட் கிரேடு’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டியது இந்த எண்கள்.

சாக்லேட்டுக்குள் வந்த செய்தித்தாள்

வளையங்கள் மட்டும்தான் பிரச்சினையா? சங்கிலிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. குட்டையான சங்கிலிகள் குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடுகின்றன. ஃபிஷர் 344 என்ற ஆய்வக எலி இனத்தில் அவை கல்லீரலில் சிறு கட்டிகளை உண்டாக்கின. அதே எலிகளுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு போன்ற பெரிய மூலக்கூறுகளால் அந்தப் பாதிப்பு வரவில்லை. பெரியவை குடலைத் தாண்டுவது குறைவு.

ஆகவே சட்டமே கார்பனை எண்ணத் தொடங்கியது. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் பயன்படும் கனமான பெட்ரோலிய மெழுகில், 25-க்குக் குறைந்த கார்பன் கொண்டவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சராசரி மூலக்கூறு எடை 500-க்குக் குறையக் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. லேசான வகையில் அத்தகைய சிறு சங்கிலிகள் 40 சதவீதம் வரை இருக்கலாம். ஆனால் அதிலிருந்து உணவுக்குள் இறங்கும் அளவுக்குக் கடுமையான வரம்பு உண்டு. குரோமட்டோகிராஃப் இல்லாமல் இந்த விதியை யாரும் அமல்படுத்த முடியாது.

மெழுகைப் போலவே சங்கிலிகளும் வளையங்களும் கொண்ட மினரல் ஆயில் எந்த வழியாகவெல்லாம் உணவுக்குள் வருகிறது என்று துருவியவர்களில் முக்கியமானவர், ஜூரிச் மாநில உணவு ஆய்வகத்தில் இருந்த கோனி குரோப். அவரது குழு முதலில் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று சணல் மூட்டை. நாரை மென்மையாக்க ஆலைகளில் தெளிக்கும் மினரல் ஆயில், கோணியிலிருந்து கொட்டைகளுக்கும் கோக்கோவுக்கும் ஏறியிருந்தது. சணல் என்றால் இந்தியாவும் வங்கதேசமும்தான். 1998-ல் சர்வதேச சணல் அமைப்பு, உணவுக்கான கோணிகளுக்கென்று தனி வரம்பு வைத்தது. தாவர எண்ணெய் தெளித்த சணலுக்கு மாறாவிட்டால் ஏற்றுமதி கிடையாது என்ற நிலை வந்தது.

அடுத்த வழி, மறுசுழற்சி அட்டை. பழைய செய்தித்தாளைக் கூழாக்கி அட்டை செய்தால், அச்சு மையின் எண்ணெய் அட்டையிலேயே தங்கும். பிறகு ஆவியாகி, உள்ளே இருக்கும் அரிசிக்கும் சாக்லேட்டுக்கும் இறங்கும். 2012 நவம்பரில் ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்பான ஸ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட், கிறிஸ்துமஸ் காலத்துச் சாக்லேட் நாட்காட்டிகள் 24-ஐச் சோதித்தது. அத்தனையிலும் மினரல் ஆயில் தடயம். குழந்தைகள் தினம் ஒரு கதவைத் திறந்து சாக்லேட் எடுக்கும் அட்டைப் பெட்டி என்பதால் நாடே பேசியது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஒரு மதிப்பீடும், 2023 செப்டம்பரில் புதிய மதிப்பீடும் வெளியிட்டது. இன்று உணவு வழியாக உடலுக்குள் போகும் நிறைவுற்ற சங்கிலிகளால் கவலையில்லை, ஆனால் அரோமாட்டிக் வளையங்கள் விஷயத்தில் நிம்மதி கொள்ள முடியாது என்பது இரண்டாவதன் சாரம். இதற்கிடையே 2022 ஏப்ரலில் உறுப்பு நாடுகள் ஒரு பொது வரம்புக்கு வந்தன. கிலோவுக்கு, கொழுப்பு குறைந்த உலர் உணவில் அரை மில்லிகிராம், கொழுப்புள்ள உணவில் 1 மில்லிகிராம், எண்ணெய் நெய்யில் 2 மில்லிகிராம். அரோமாட்டிக் வளையங்கள் அதைத் தாண்டினால் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும். கடலுணவு, மசாலா, எண்ணெய் ஏற்றுமதி செய்கிற நம் வியாபாரிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை.

நம் ஊரில்? வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று 2018-ன் பொட்டல விதிகளிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. மறுபடியும் அறிவுறுத்தியது. டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

ஆப்பிளைச் சுரண்டினால் உண்மை தெரியுமா?

கத்தியால் ஆப்பிளைச் சுரண்டி, உதிரும் வெள்ளைத் தூளைக் காட்டி, ‘பாருங்கள், மெழுகுவத்தி மெழுகு!’ என்று அலறும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. உண்மை என்ன?

ஆப்பிள் தானாகவே மெழுகு சுரக்கும் பழம். பறித்துக் கழுவும்போது அது கொஞ்சம் போய்விடும். வாடாமல் இருக்க மேலே மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். தேன்மெழுகு, கார்னோபா, ஷெல்லாக் ஆகியவற்றைப் பூச நம் விதிகளில் அனுமதி உண்டு. பூசியதை லேபிளில் சொல்ல வேண்டும். இவற்றில் எதைச் சுரண்டினாலும் வெள்ளையாகத்தான் வரும். தீயில் காட்டினால் எல்லாமே உருகும். சுரண்டல் சோதனை எதையும் நிரூபிக்காது.

குரோமட்டோகிராஃப் நிரூபிக்கும். செடியும் தேனீயும் மெழுகுச் சங்கிலிகளைச் செய்யும்போது ஒற்றைப்படைக் கார்பன்களையே அதிகம் செய்கின்றன. ஆப்பிள் தோலில் தூக்கலாக நிற்பது 29, தேன்மெழுகில் 27. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து வந்த பெட்ரோலிய மெழுகில் ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறையச் சமம். திரையில் 28-ம் 30-ம் அக்கம்பக்கத்துக்கு ஈடாக எழுந்து நின்றால், அங்கே பெட்ரோலியம் புகுந்திருக்கிறது என்று பொருள்.

தேன்மெழுகுக் கலப்படமும் சுவாமிமலைச் சிற்பமும்

இதே ஒற்றை–இரட்டைக் கணக்குதான் தேன்மெழுகுக் கலப்படத்தையும் பிடிக்கிறது. தேன்மெழுகு பாரஃபினைவிடப் பல மடங்கு விலை. கலப்படக்காரரின் முதல் தேர்வு பாரஃபின். உருகுநிலையை மட்டும் பார்த்தால் தப்பித்துவிடுவார், இரண்டும் அக்கம்பக்கத்தில் உருகுபவை. அகச்சிவப்பு ஒளிச் சோதனையிலும் குரோமட்டோகிராஃபிலும் மாட்டிக்கொள்வார். தேன்மெழுகில் பெரும்பங்கு எஸ்டர்கள், ஹைட்ரோகார்பன் சுமார் ஏழில் ஒரு பங்குதான். பாரஃபினோ முழுக்க ஹைட்ரோகார்பன்.

நஷ்டம் தேனீ வளர்ப்பவருக்கு. கலப்பட மெழுகில் செய்த அடை அடித்தளத் தகடு வெயிலில் தொய்ந்து, அடை சரிந்து போகும். தேன்மெழுகு என்று நம்பி முகக் களிம்பு வாங்குகிறவருக்கும் நஷ்டம்தான்.

ஆனால் பாரஃபின் எங்கே போனாலும் வில்லன் என்று நினைக்க வேண்டாம். சுவாமிமலை ஸ்தபதிகளின் சிலை வார்ப்பு மெழுகில்தான் தொடங்குகிறது. மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பதமாக்கி உருவம் செய்கிறார்கள். மெழுகின் பங்கில் இன்று பாரஃபினும் இடம்பிடித்திருக்கிறது. விரலில் ஒட்டாமல், நகத்தால் கீறினால் உதிராமல், உருக்கினால் வண்டலில்லாமல் வடிய வேண்டும். படிகம் பெரிதானால் மெழுகு முறியும், கிளைச்சங்கிலி கூடினால் வளையும். ஸ்தபதியின் கை தேடும் பதத்துக்கும் ஆய்வகத்தின் கார்பன் பட்டியலுக்கும் நேரடி உறவு இருக்கிறது.

பெட்டிச் செய்தி: 670 கிலோமீட்டர் சூடான குழாய்

ராஜஸ்தானின் பார்மரில் 2004-ல் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலின் கச்சா எண்ணெயில் மெழுகு மிக அதிகம். சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும். எந்த வெப்பத்தில் முதல் மெழுகுப் படிகம் தோன்றும் என்று ஆய்வகம் சொன்ன பிறகே குழாயை வடிவமைத்தார்கள். பார்மரிலிருந்து குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டர் வழிநெடுக மின்சாரத்தால் சூடேற்றி எண்ணெய் கொண்டுபோகிறார்கள். சூடேற்றும் குழாய்களில் உலகிலேயே மிக நீளமானது என்று பெயர் வாங்கியது அது.

கடலில் வேறொரு தொல்லை. மெழுகு ஏற்றிய கப்பல்கள் தொட்டி கழுவிய நீரைக் கடலில் விட, ஐரோப்பியக் கரைகளில் மெழுகுக் கட்டிகள் ஒதுங்கின. 2021 ஜனவரி 1 முதல் வடமேற்கு ஐரோப்பியக் கடல்களிலும் பால்டிக் கடலிலும், துறைமுகத்திலேயே தொட்டியைக் கழுவிக் கழிவை அங்கேயே ஒப்படைக்க வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது.

என்ன கேட்டு வாங்குவது?

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மெழுகுவத்தி செய்கின்றன. வீட்டிலேயே லிப் பாம், வலி நிவாரணத் தைலம் காய்ச்சி இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். தின்பண்டத்துக்கு மெழுகுத்தாள் வாங்கும் சிறு பேக்கரிகள் தெருவுக்குத் தெரு. இவர்கள் யாரும் குரோமட்டோகிராஃப் வாங்க வேண்டியதில்லை. சுத்திகரிப்பு ஆலையிலும் பெரிய இறக்குமதியாளரிடமும் ஒவ்வொரு பேட்சுக்கும் ஆய்வுச் சான்றிதழ் இருக்கும். இந்தியத் தர நிறுவனம் பாரஃபின் மெழுகுக்குத் தனித் தரவிதியே (ஐ.எஸ். 4654) வைத்திருக்கிறது. மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக்கு இறங்கும்போதுதான் அந்தக் காகிதம் காணாமல் போகிறது. அவிழ்த்த மூட்டையில் மிஞ்சுவது வெள்ளை நிறமும் வாய் உத்தரவாதமும்.

கேட்க வேண்டியவை மூன்றே எண்கள். உருகுநிலை எவ்வளவு? எண்ணெய் எத்தனை சதவீதம்? உணவு, உதடு, தோல் பக்கம் போவதானால் புற ஊதாச் சோதனையில் தேறியதா? முதல் இரண்டும் சரியாக இருந்தால் மெழுகுவத்தி நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது இல்லாத மெழுகை வாயருகே கொண்டுபோகக் கூடாது, எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் சரி.

அரசு செய்ய வேண்டியதும் இதில் இருக்கிறது. சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் மெழுகு டன் டன்னாக இறங்குகிறது. அங்கே தொழிற்கூட்டங்களுக்குப் பொதுவாக ஒரு மெழுகு ஆய்வகம் அமைப்பது பெரிய செலவில்லை. எண்ணெய் அளவும் உருகுநிலையும் பார்க்க ஒரு குளிர்பெட்டியும் சில கண்ணாடிக் கருவிகளும் போதும். புற ஊதாச் சோதனைக்கு வேண்டிய கருவி பல கல்லூரி வேதியியல் துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

வேதியியல் தன் வேலையை முடித்துவிட்டது. மெழுகு வாங்கும் பில்லில் எடை இருக்கிறது, விலை இருக்கிறது, ஜி.எஸ்.டி. இருக்கிறது. உருகுநிலை, எண்ணெய் அளவு, புற ஊதாச் சோதனை ஆகிய மூன்றையும் சேர்க்க இன்னும் ஒரே ஒரு வரி போதும். அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் இனி வர வேண்டும்.